தோட்டத்துப் பூனை வீட்டுப் பூனையான வரலாறு



கோலா கிளாவாங் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வெளியேறித் தாமான் வீடுகளில் குடியேறிய நம் குடும்பங்கள் பல, இப்போது முதன்முதலாகப் பூனை வளர்க்கத் தொடங்கியுள்ளன. கடைத்தெருவின் ஐந்தடியில் கத்திக்கொண்டு கிடந்த குட்டியை ஒரு மாணவன் தூக்கிவருவான், மறுநாள் அவன் தாயார் பள்ளிவாசலில் நின்று, "இதற்கு என்ன கொடுப்பது?" என்று கேட்பார். வீட்டில் இருக்கும் தாத்தாவோ, "பூனைதானே! சோறு வைத்தால் கிடக்கும்" என்று முடித்துவிடுவார்.

தாத்தா பொய் சொல்லவில்லை. அவர் வாழ்ந்த லயத்தில் அது உண்மையாக இருந்தது. தாமான் வீட்டில் அது உண்மையாகாமல் போனதற்குத் தக்க காரணம் உண்டு. பூனைக்கு மனிதன் உணவு படைத்துப் பேணிய காலம் மிகக் குறுகியது. இன்று கால்நடை மருத்துவர் நமக்குச் சொல்லும் விதிகள் பலவும் கடந்த நூறு ஆண்டுகளுக்குள், பூனைகள் பல மடிந்த பிறகே மனிதன் கற்றவை. அந்த வரலாற்றை அறிந்தால் விதிகளை மனப்பாடம் செய்யவேண்டிய தேவை இராது.

தமிழர்க்குப் பூனை புதிதன்று. தொல்காப்பிய மரபியல் காட்டுப்பூனையை 'வெருகு' என்று சுட்டி, கீரி, எலி, அணில் ஆகியவற்றோடு சேர்த்து அதன் இளமைப் பெயர் 'குட்டி' என்கிறது. நாம் இன்றும் பயிற்சிநூலில் அதே விடையைத்தான் எழுதச் சொல்கிறோம்! மாமல்லபுரத்தில், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துப் பெரும் பாறைச் சிற்பத்தில், முன்னங்கால்களை உயரத் தூக்கித் தவம் செய்யும் பூனையொன்றைக் காணலாம். அதன் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு சூழ்ந்து நிற்கும். கள்ளத் தவசிப் பூனையின் கதை மகாபாரதத்திலும் உண்டு. வைணவத்தில் தென்கலையார், தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்வதுபோல இறைவன் அடியவனைக் காப்பான் என்று கூறி, அதனை மார்ச்சார நியாயம் என்றனர். கம்பரோ தம் காப்பியத்தின் தொடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனையைத் தமக்கு உவமையாக்கித் தம்மைத் தாழ்த்திக்கொண்டார்.

இவை யாவும் பூனையை நன்கு உற்றுநோக்கியவர்களின் படைப்புகள். ஆனால் எங்கும் பூனைக்கு இலை போட்டுச் சோறு வைத்த செய்தி இல்லை. திருடித் தின்னும், வேட்டையாடும், நக்கும். அதன் பாட்டை அது பார்த்துக்கொள்ளும். அவ்வளவே.

உலக வரலாறும் அதையே சொல்கிறது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழியின் அருகில் ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். தீவுக்குப் பூனை தானாக நீந்திப் போயிராது. மனிதன்தான் படகில் கொண்டு சென்றிருக்கவேண்டும். 2007இல் வெளிவந்த மரபணு ஆய்வு, வீட்டுப்பூனைகளின் மூதாதை மேற்காசிய, வட ஆப்பிரிக்க வறண்ட நிலங்களில் வாழும் காட்டுப்பூனையே என்று காட்டியது. அது எங்கே, எப்போது முழுமையாக வீட்டு விலங்காயிற்று என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. களஞ்சியத்துத் தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது என்ற அளவில் நமக்குப் போதும். பிற்கால எகிப்தியர் பூனையைத் தெய்வத்தோடு சேர்த்து வணங்கினர். இலட்சக்கணக்கில் பதப்படுத்திப் புதைக்கவும் செய்தனர். 1890இல் அவற்றுள் ஏறத்தாழ 19 டன் எடையுள்ள உடல்கள் எகிப்திலிருந்து லிவர்பூல் துறைமுகத்துக்குக் கப்பலேற்றப்பட்டு, வயலுக்கு உரமாக விற்கப்பட்டன. தெய்வம் எருவான கதை!

நம் மண்ணுக்கு வருவோம். மலாயாத் தோட்டங்களில் லயத்து வீடு என்பது ஒரு குட்டிக் களஞ்சியம். அரிசி மூட்டை, கருவாடு, பருப்பு. சுற்றிலும் ரப்பர்க் காடு. எலிக்குப் பஞ்சமில்லை. பூனைக்கு வைத்த சோறு உண்மையில் அதன் உணவே அன்று. வீட்டை விட்டுப் போகாதிருக்க வைத்த கைக்கூலி. நாள்தோறும் பிடித்த எலியும் பல்லியும் வெட்டுக்கிளியும்தாம் அதன் உயிரைக் காத்தன. இன்று கதவும் சன்னலும் அடைத்த தாமான் வீட்டில் எலி ஏது? மிஞ்சியது கைக்கூலி மட்டுமே.

அதனால் என்ன கெடும் என்பதை அறிவியல் தாமதமாகவே கண்டது. 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள், டாரின் என்னும் சத்து கிடைக்காத பூனைகளின் விழித்திரை அழிந்து பார்வை போவதை அறிந்தனர். இச்சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் காய்கறியிலும் இல்லை. மனிதனும் நாயும் தம் உடலுக்குள்ளேயே இதனை ஆக்கிக்கொள்வர். பூனையின் உடலால் தேவையான அளவுக்கு ஆக்க முடியாது. 1987இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள், பூனைகளின் இதயத் தசை தளர்ந்து இறப்பதற்கும் இதே குறைதான் காரணம் என்று காட்டினர். கடையில் விற்ற உணவை மட்டுமே உண்ட பூனைகளும் அவ்வாறு இறந்தன என்பது அதில் அதிர்ச்சியான செய்தி. அதன்பிறகே உற்பத்தியாளர்கள் டாரினின் அளவை உயர்த்தினர்.

ஆகவே தயிர்ச்சோறும் சாம்பார்ச் சோறும் பூனைக்கு ஆகா. நாய்க்கென்று விற்கும் உணவும் ஆகாது. சைவக் குடும்பத்தார் சிலர் பூனையையும் சைவமாக்க விரும்புவதை அறிவேன்; அவர்களின் அருள்நோக்கம் போற்றத்தக்கது, ஆயினும் அந்த உயிரின் உடலமைப்பு அதற்கு இடந்தராது. 'முழுமையான உணவு' என்று குறிப்பிட்டுப் பூனைக்கென்றே விற்கப்படும் உணவைக் கொடுப்பதே எளிய வழி. அவித்த கோழி, அவித்த கெம்போங் மீன் ஆகியவற்றை முள் நீக்கி, உப்பும் மசாலையும் இன்றி இடையிடையே தரலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும் என்பதால் குழம்பு மீனைக் கழுவிப் போடுவதும் பயன்தராது.

கம்பரின் பூனை பாலுக்கு ஆசைப்பட்டது உண்மைதான். ஆசை வேறு, செரிமானம் வேறு. பால் மறந்த பூனைகள் பலவற்றுக்கு மாட்டுப்பாலின் சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றுப்போக்குத்தான் மிஞ்சும். நம் வீடுகளில் கெட்டிப்பால் டின்னைக் கரைத்துக் குட்டிக்கு ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கண் திறக்காத குட்டி அதனால் இரண்டொரு நாளில் வற்றிப்போகும். அத்தகைய குட்டிக்கென்று தனிப்பால் மாவு விலங்குணவுக் கடைகளில் கிடைக்கிறது. குட்டியைக் குப்புற வைத்து ஊட்டவேண்டும். மனிதக் குழந்தையைப்போல் மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஊட்டுமுன் உடல் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். மூன்று வாரம் வரை, தாய் நக்கிவிடுவதுபோல ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழ்ப்பகுதியைத் துடைத்துவிட்டால்தான் சிறுநீரும் மலமும் கழியும்.

இனி, நம் நாட்டில் நிகழ்ந்ததும் உலகெங்கும் பேசப்படுவதுமான ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறேன். பூனை வளர்ப்போர் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து.

மலேரியாக் காய்ச்சல் நம் முன்னோரைத் தோட்டந்தோறும் கொன்று குவித்தது என்பதை விளக்கவேண்டியதில்லை. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் கண்ட பவுல் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. கொசுவை ஒழிக்க அம்மருந்தை வீட்டுச் சுவர்களில் தெளிக்கும் பணி 1950களில் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு சரவாக்கிலும் நடந்தது. காய்ச்சல் குறைந்தது, ஆனால் நீண்ட வீடுகளில் பூனைகள் சாகத் தொடங்கின. பூனை போனதும் எலி பெருகியது. 1960 மார்ச்சில், சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் வான்படையின் பெவர்லி விமானம், கெலாபிட் மேட்டுநிலத்துப் பாரியோ பகுதியில் உணவுப் பொருள்களோடு இருபதுக்கும் சற்று மேற்பட்ட பூனைகளையும் வான்குடைமூலம் இறக்கியது. இதனையே 14,000 பூனைகள் என்று ஊதிப் பெருக்கிய கட்டுரைகள் ஏராளம். அந்த எண்ணை நம்பவேண்டாம்.

பூனைகள் எப்படி இறந்தன? கரப்பானைப் பல்லி தின்றது, பல்லியைப் பூனை தின்றது, நஞ்சு படிப்படியாக ஏறியது என்பது பாடநூல்களில் பரவிய விளக்கம். பிற்காலத்தில் ஆவணங்களை ஆராய்ந்தோர் அதைவிட எளிய காரணத்தையே ஏற்புடையதாகக் கருதுகின்றனர். பூனை சுவரில் உராய்ந்தது. மயிரில் மருந்து ஒட்டியது. தன் வழக்கப்படி உடலை நக்கியது.

பூனையின் உடல்மேல் படுவதெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும். இந்த ஓர் உண்மையை மறவாதிருந்தால் பாதி விபத்துகளைத் தவிர்க்கலாம். தரை துடைக்கும் பினாயில், காயத்துக்கு ஊற்றும் டெட்டால், சளிக்குத் தடவும் கோடாலித் தைலம், கற்பூர எண்ணெய் எதையும் பூனையின்மேல் பயன்படுத்தலாகாது. இவற்றைச் சிதைத்து வெளியேற்ற மனித ஈரல் கொண்டுள்ள வழிகளுள் ஒன்று பூனையின் ஈரலில் மிகக் குறைவு. அதே காரணத்தால், நாம் தலைவலிக்கு விழுங்கும் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதுமானது. காய்ச்சலாய்க் கிடக்கிறதே என்று அன்போடு கால் மாத்திரை கொடுப்பவர்களும் உள்ளனர். கொடுத்துவிட்டால் ஈறு நீலமாகவோ பழுப்பாகவோ மாறும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் ஓடவேண்டும். நாய்க்கு உண்ணி போக்க முதுகில் இடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனைக்கு நஞ்சு. நாயும் பூனையும் ஒன்றாக வாழும் வீட்டில், நாய்க்கு இட்ட மருந்து காயும்வரை இரண்டையும் பிரித்து வையுங்கள்.

தோட்டங்களுக்கு அருகில் வாழ்வோர் வேறொன்றையும் கவனிக்கவேண்டும். புல்லுக்கு மருந்தடித்த பாதையில் நடந்துவந்த பூனை தன் பாதங்களை நக்கும். நம் பெண்கள் முதுகில் சுமந்து அடித்த பராகுவாட் 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது. அதற்குள் எத்தனை பேர் நகமும் தோலும் கெட்டு நின்றார்கள் என்பது தனியே எழுதவேண்டிய வரலாறு. வேறு களைக்கொல்லிகள் தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளன. எலி நஞ்சும் அப்படியே. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது எலியை ஒழிக்கும் வேலை பூனையின் கையைவிட்டுப் போனது. நச்சு உருண்டைகளும், 1980களிலிருந்து தோட்டங்களில் கூடு அமைத்துக் குடியேற்றப்பட்ட கூகைகளும் அவ்வேலையை ஏற்றன. நஞ்சு தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்ற பூனைக்குச் சில நாள் கழித்தே இரத்தக்கசிவு தோன்றும். சோர்வு, வெளுத்த ஈறு, மூச்சிரைப்பு கண்டால் இந்த ஐயத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். வைட்டமின் கே மருந்தால் பிழைக்க வைக்க இயலும்.

மூதாதை வறண்ட நிலத்தவர் என்றேன் அல்லவா? அதன் மரபு பூனையின் சிறுநீரகத்தில் இன்னும் இருக்கிறது. குறைவாகக் குடித்துச் சிறுநீரைக் கெட்டியாக்கிக் கழிக்கும் உடல் அது. எலியின் உடலில் பெரும்பகுதி நீர் என்பதால் வேட்டைப் பூனைக்கு அது போதும். உலர்ந்த உருண்டை உணவு மட்டும் உண்ணும் பூனைக்குப் போதாது. நீர்க் கிண்ணத்தை உணவுத் தட்டிலிருந்து தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். ஈரமான டின் உணவையும் சேர்த்துக் கொடுங்கள். ஆண் பூனை மீண்டும் மீண்டும் முக்கியும் ஒரு சொட்டுச் சிறுநீர்கூட வராவிட்டால் அது மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கும். ஓரிரு நாளில் உயிர் போகும். நள்ளிரவானாலும் கிளம்பவேண்டிய நேரம் அது.

பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவ உதவியது ஒரு களிமண். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட்வர்ட் லோ என்பவர், எண்ணெய்க் கறையை உறிஞ்ச விற்றுக்கொண்டிருந்த களிமண் குருணையை, மணல் கேட்டுவந்த ஒரு பெண்மணிக்குக் கொடுத்தார். அதற்கு முன்னர் சாம்பலும் மணலும்தான். இன்று நம் கடைகளில் பல வகைக் குருணைகள் கிடைக்கின்றன. மணலும் மரத்தூளும்கூடப் போதும். தட்டு உணவுக்கு அருகில் இருக்கலாகாது, நாள்தோறும் அள்ளவேண்டும். அசுத்தமான தட்டைப் பூனை ஏற்காது. பிறகு நம் மெத்தையைத் தேடும்.

நாள்தோறும் அள்ளுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனையின் குடலில் பெருகி மலத்தில் வெளியேறுவதை அறிவியல் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் உறுதிசெய்தது. வெளியேறிய கருமுட்டை நோய் பரப்பும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும். கருவுற்ற பெண்கள் அத்தட்டைத் தொடாமல் பிறரிடம் விடுவது நல்லது. அதற்காகப் பூனையையே வீட்டைவிட்டுத் துரத்தச் சொல்லும் மாமியார்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் அதே நோயைத் தரக்கூடியவை.

நோய்களுள் குட்டிகளை மிகுதியாக வாரிச் செல்வது பார்வோ வகை நச்சுயிரியால் வரும் குடல்நோய். வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு. இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் தடுப்பூசி, பின்னர் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை என்பது பொதுவான முறை. அந்நச்சுயிரி வீட்டில் ஓராண்டுகூடக் கிடக்கும் என்பதால், ஒரு குட்டி இறந்த வீட்டுக்கு அழுகின்ற பிள்ளையைத் தேற்ற மறுவாரமே தடுப்பூசி போடாத வேறு குட்டியைக் கொண்டுவராதீர்கள். நம் நாட்டுப் பூனைகளிடம் காணப்படும் மற்றொரு நோய் ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்னும் பூஞ்சைப் புண். மூக்கிலும் காதிலும் ஆறாத புண் உள்ள பூனையைக் கையுறை இல்லாமல் தொடலாகாது. பிறாண்டினால் நமக்கும் வரும். குணமாகும் நோய்தான், ஆனால் மாதக்கணக்கில் மருந்து கொடுக்கவேண்டும்.

புதிதாக வாங்கியவர்கள் மருண்டுபோகும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குட்டியின் வால் குட்டையாகவும் நுனி முடிச்சிட்டதுபோல வளைந்தும் இருந்தால், எவரோ ஒடித்துவிட்டார்கள் என்று எண்ணவேண்டாம். மலாய்த் தீவுக் கூட்டத்துப் பூனைகளுக்கு இத்தகைய வால் இருப்பதைச் சார்லஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட நூலிலேயே குறித்துள்ளார். பிறவி அமைப்பு அது; நீவி நேராக்க முயலாதீர்கள்.

ஒலிமரபில் 'பூனை சீறும்' என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். சீறுகின்ற பூனை பெரும்பாலும் அஞ்சிய பூனை. புது வீட்டுக்கு வந்த பூனை கட்டிலடியில் ஒளிந்துகொண்டால் இழுக்காதீர்கள். ஓர் அறையை ஒதுக்கி, நீரும் உணவும் மணல் தட்டும் வைத்து, அதுவாக வரும்வரை விடுங்கள். ஆனால் ஒரு நாள் முழுதும் எதையுமே உண்ணாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். பட்டினி நீண்டால் பூனையின் ஈரலில் கொழுப்புப் படிந்துவிடும். தாய்ப்பூனை பிடரியைக் கவ்வுகிறதே என்று வளர்ந்த பூனையை அவ்வாறு தொங்கவிடுவதும் தவறு. மார்ச்சார நியாயம் குட்டிகளுக்கு மட்டுமே பொருந்தும்!

பிள்ளைகள் தூக்கிவரும் குட்டிகள் எங்கிருந்து வருகின்றன? பாசாரிலும் உணவங்காடி ஓரத்திலும் பெட்டியில் வைத்து விட்டுச் செல்லப்படுபவை அவை. யாரேனும் மலாய்க்காரர் எடுத்துக்கொள்வார் என்பது விடுபவர்களின் கணக்கு. நபிகளின் தோழர் ஒருவருக்குப் 'பூனைக்குட்டியின் தந்தை' என்று பொருள்படும் அபூ ஹுரைரா என்ற பெயரே வழங்கியது. இஸ்லாமிய மரபில் பூனைக்கு அத்தகைய இடம். நாமோ குறுக்கே போனால் சகுனம் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்டைவீட்டாரின் இரக்கத்தை நம்பிக் குட்டிகளை விடுவது எனக்கு உடன்பாடன்று. பெண்பூனை நான்கைந்து மாதத்திலேயே கருவுறக் கூடும். 65 நாளில் ஈனும். ஈன்ற சில வாரத்தில் மறுபடியும் கருவுறும். ஐந்து மாதத்துக்குள் கருத்தடை செய்துவிட்டால் பெட்டிக்கே வேலையில்லை.

1953ஆம் ஆண்டு விலங்குச் சட்டத்தின்படி, விலங்கைக் கொடுமைப்படுத்தியவர்க்கு நெடுங்காலம் வரை அதிகப்படியான அபராதமே 200 ரிங்கிட்தான். 2013இல் அது திருத்தப்பட்டது. பின்னர் வந்த 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 சூலை முதல் தீபகற்ப மலேசியாவில் நடைமுறைக்கு வந்தது. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உணவு, நீர், உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைத் தருவது உரிமையாளரின் கடமை என்றும் அச்சட்டம் கூறுகிறது. தாத்தாவின் காலத்தில் விருப்பமாக இருந்தது இன்று சட்டக் கடமை.

மருத்துவரைப் பார்க்கச் சிரம்பானுக்குச் செல்வோர்க்கு ஒரு குறிப்பு. புக்கிட் தங்கா மலைப்பாதையின் வளைவுகளில் பூனை வாந்தி எடுக்கும். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிடுங்கள். குட்டியாக இருந்தால் மட்டும் நீண்ட நேரம் பட்டினி போடாதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு போகாமல் மூடிபோட்ட கூடையில், அது படுத்த பழைய துணியை விரித்து வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்திவிடுங்கள். கூடையை முந்தின வாரமே வீட்டில் திறந்து வைத்திருந்தால் அது தானாகவே போய்ப் படுத்துக்கொள்ளும்.